எத்தியோப்பியா பாய் விட்டுவைத்த முதல் வரி

சொந்தக் கூரை ஒழுக, அடுத்த கண்டத்து மலைக்காகத் தூக்கம் கெட்ட மனிதர் உலகத்திலேயே எங்கள் எத்தியோப்பியா பாய் ஒருவர்தான். ரங்கூனின் தாமுவே சந்தையில் குடை பழுது பார்ப்பவர். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊருக்குப் போகும் பாலத்தைக்கூடத் தாண்டியதில்லை.

பழைய பத்திரிகைக் கட்டில் ஒரு படம் அகப்பட்டதில் வந்த வினை. எத்தியோப்பியாவில் கொன்சோ என்ற இடம். மழை மண்ணை அரிக்காதபடி, பல நூறு ஆண்டுகளாக மலைச்சரிவெங்கும் கல்லடுக்கி வயல் கட்டியிருக்கிறார்கள்.

"மலைக்கே குடை பிடிச்சிருக்கானுங்க சயா! உலகச் சொத்துன்னு எழுதி வைக்காட்டி, நாளைக்கு எவனாவது ரோடு போடுறேன்னு இடிச்சுப்புடுவான்." நான் பள்ளி ஆசிரியன், தெருவுக்கே 'சயா'.

"முதல்ல உங்க கூரைக்குக் குடை பிடிங்க பாய்" என்றார் டீக்கடை மணி.

"கூரை போனா வேற போட்டுக்கலாம்ப்பா."

அதையும் அவர் போடவில்லை.

பாரம்பரியச் சின்னங்களைப் பட்டியலிடும் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு மனு தயாரானது. ஆங்கிலத்தில் எழுதியவன் நான். பெருமைக்காக முதல் கையெழுத்தும் என்னுடையதே. மற்றவர்களுக்குக் கையெழுத்துப் போட்டால்தான் குடை திரும்பக் கிடைக்கும். மழைக்காலம் வேறு. ஒரே வாரத்தில் தாள் நிரம்பியது.

எண்பத்தெட்டில் மக்கள் கிளர்ச்சியை ராணுவம் நசுக்கிய பிந்தைய ரங்கூன் அது. பத்துப் பேர் ஒரே தாளில் கையெழுத்திட்டால், மலை ஆப்பிரிக்காவில் இருந்தாலும் நடுக்கம் இங்கே அதிகாரிகளுக்கு. பேட்டை அலுவலகத்து ஆள் ஒருவர், தபாலில் சிக்கிய அந்தத் தாளோடு என் வாசலுக்கு வந்தார். கூடவே பாய்.

"இது உன் கையெழுத்தா, சயா?"

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வாய்மையைப் போதித்த வாய் சொன்னது: "இல்லை. பாய் போட்டிருப்பார்."

பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமாங்க, எல்லாமே நான் போட்டதுதான்" என்றார்.

தெரு முழுவதும் என் பதிலைப் பார்த்து எழுதியது. பாய் ஐந்து நாள் உள்ளே இருந்தார்.

அவர் திரும்பியதும் முகத்தில் விழிக்க ஒரு சாக்கு வேண்டுமே! நல்ல குடையின் கம்பியை நானே வளைத்து எடுத்துப் போனேன்.

பாய் விரித்துப் பார்த்தார். "இது காத்துல வளைஞ்சதில்ல சயா, கையால வளைச்சது."

நிமிர்த்தினார். பிறகு புதிதாக ஒரு மனுத் தாளை எடுத்தார். அவர் கையெழுத்து இரண்டாவது வரியில் இருந்தது. "மேல உள்ளது உங்க இடம்" என்று சுருட்டிக் குடைக்குள் வைத்தார்.

"மழை விடட்டும் பாய், போடுறேன்."

அந்த மழை விடுமுன் பாய் காய்ச்சலில் போய்விட்டார். தாள் இப்போது என் மேசைமேல் இருக்கிறது.

மழை விட்டு எத்தனையோ வருடமாகிறது, பாய். இதோ, போட்டுவிட்டேன்.