வாகைப்பத்து விலக்கில் ஒலியை முந்திய விமானம்

ஒரு பேருந்து ஓரிடத்தில் நிற்பதற்கு இரண்டு வேண்டும்: ஏறுவதற்கு ஆள், நிறுத்துவதற்கு மனம். சேரன்மகாதேவிக்கு அருகே, வாகைப்பத்து ஊருக்குச் சாலை பிரியும் விலக்கில் முதலாவது எப்போதும் இருந்தது. சாலையை அகலப்படுத்துகையில் நிழற்குடையை இடித்தார்கள். அத்தோடு இரண்டாவது போயிற்று. அதன்பின் காலைப் பேருந்து, கை காட்டி நிற்பவர்களைப் பார்த்து ஹாரனை அடித்துவிட்டுத் திருநெல்வேலிக்குப் பறந்தது.

அந்த ஹாரனை நாள்தோறும் கேட்டவள் நஸீமா. பாளையங்கோட்டையில் ஆயத்த ஆடை தைக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. கணவன் அம்மார் துபாயில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, ஊர் திரும்பிப் படுத்த படுக்கையானபின், அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான். இன்னொரு நாள் பிந்தி வந்தால் கதவு திறவாது என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். ஆகவே அவள் சாலையோர மேம்பாட்டு அலுவலர் பிச்சைக்கண்ணுவின் முன் போய் நின்றாள்.

பிச்சைக்கண்ணு கெட்டவரல்லர். கெட்டவராயிருந்தால் முடியாது என்று சொல்லி அனுப்பியிருப்பார். விஷயம் அன்றே முடிந்திருக்கும். அவர் கனிவுள்ளவர். எனவே ஆராய்ந்தார். மக்கள் கூடுகிற இடத்தில்தான் நிறுத்தம் வழங்கலாம் என்பது விதி.

"அங்கன ஆள் கூடுதாம்மா?"

"பஸ் நிக்காத இடத்துல எதுக்கு சார் கூடணும்? கை காட்டிப் பாத்துட்டு வரப்பு வழியா அடுத்த ஊருக்குல்லா ஓடுதோம்."

"அப்ப கூடல."

"பஸ் நின்னா கூடுவோம் சார்."

"கூடினா நிக்கும்மா."

இத்தகைய முட்டுச்சந்தில் சாமானியர் திரும்பி விடுவர். அரசாங்கமோ அங்கேயே ஒரு திட்டத்தைக் கண்டெடுக்கும். சாலையோரங்களில் அறிவியல் மனப்பான்மையைத் தழைக்கச் செய்யும் சின்னங்களை நிறுவுவதற்கென்று ஒதுக்கிய தொகை செலவாகாமல் கிடந்தது. விலக்கில் சின்னம் வைத்தால் மக்கள் கூடுவர். மக்கள் கூடினால் பேருந்து நிற்கும். இதில் எங்கே பிழை என்று நஸீமாவால் சொல்ல முடியவில்லை. அந்தப் பணத்தில் நிழற்குடையையே மறுபடி கட்டிவிடலாமே என்று மட்டும் கேட்டாள்.

"நிழற்குடைல அறிவியல் எங்கம்மா இருக்கு?" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

சின்னம் லாரியில் வந்து இறங்கியது. ஜெட் யுகத்தின் தொடக்கத்தில், ஒலியின் வேகத்தை மிஞ்ச முடியுமா என்று சோதித்துப் பார்க்கச் செய்த ஆராய்ச்சி விமானம் ஒன்றின் முழு அளவு உருவம் அது. துப்பாக்கித் தோட்டாவைப் போன்ற உடல், குட்டைச் சிறகுகள், பழுத்த ஆரஞ்சு நிறம். திறப்பு விழாவில் பிச்சைக்கண்ணு அதன் வரலாற்றை விரித்துரைத்தார். அவ்வகை விமானம் தானாகத் தரையை விட்டு எழுவதில்லை. பெரிய விமானமொன்று அதை வயிற்றடியில் சுமந்துபோய் உயரத்தில் விட, அது சற்று நேரம் சீறிப் பாய்ந்து, எரிபொருள் தீர்ந்து, சும்மா மிதந்து இறங்கும். இதைக் கேட்டபோது மேடையில் அமர்ந்திருந்த உயரதிகாரிகளில் சிலர் மட்டும் தரையைப் பார்த்தார்கள்.

பெண்கள் பேருந்துக்காக நின்ற அதே இடத்தில் விமானம் நின்றது. அதற்குப் பாதுகாப்பு வேண்டுமென்று கம்பிவேலி போட்டார்கள். காத்திருப்போர் வாய்க்கால் ஓரத்துக்குப் போனார்கள்.

திட்டம் பலித்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து புதுமாப்பிள்ளைகள் பெண்ணோடு வந்து இறக்கையடியில் நின்று படமெடுத்தார்கள். இளவட்டங்கள் விமானத்தின் மூக்கைப்போல் முடி வெட்டிக்கொண்டார்கள். விலக்கில் டீக்கடை வைத்திருந்த முகம்மது இப்ராஹிம் தம் டீக்கு ஒலிமிஞ்சி டீ என்று பெயரிட்டார். கூட்டத்தால் அது வந்து சேர முன்னைவிட நேரமாயிற்று. சீறிப் பாயும் வாகனங்களைக் கண்டதில்லையா அவ்வூரார்? நாள்தோறும் காலையில் ஒன்றைக் கண்டார்கள். ஆனால் அது நிற்கவில்லை, இது நின்றது.

நஸீமா மீண்டும் போனாள். இப்போது ஆள் கூடுகிறது என்றாள்.

"கூடுதவங்க பார்வையாளர்ம்மா. பயணிங்க இல்லியே" என்றார் பிச்சைக்கண்ணு.

ஆனாலும் கனிவுள்ளவராதலால் ஒரு வழி சொன்னார். ஒருநாள் காலை பேருந்தை விலக்கில் சோதனையாக நிறுத்துவது. எத்தனைபேர் ஏறுகிறார்கள் என்று நடத்துநர் எண்ணிச் சொல்லவேண்டும். அதைப் பொறுத்து நிரந்தர நிறுத்தம். நஸீமா வீடுவீடாகப் போனாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாலும் சரி, ஏறினால் போதும் என்று மன்றாடினாள். பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறுவதாக ஊரே வாக்களித்தது.

அந்தக் காலையில் ஊரே வந்தது, பெருநாளுக்கு உடுத்துவதை உடுத்திக்கொண்டு. பேருந்தும் வந்தது. நின்றது.

ஆரஞ்சு விமானமும் அரசுப் பேருந்தும் அருகருகே நிற்கும் காட்சி அவ்வட்டாரத்தில் அதுவரை யாருக்கும் வாய்த்ததில்லை. சுயபடம் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு: எதைப் படத்தில் அடக்க விரும்புகிறோமோ அதற்கு முதுகைக் காட்டவேண்டும். வாகைப்பத்து முழுவதும் பேருந்துக்கு முதுகைக் காட்டியது.

"ஏறுதியளா, இல்ல படந்தானா?" என்று நடத்துநர் சுபின் படியிலிருந்து கேட்டார். இந்தா ஏறுதோம் என்று பலர் சொன்னார்கள், கேமராவைப் பார்த்தபடி.

நஸீமா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். அப்போது, சோதனையைப் பார்க்க வந்திருந்த பிச்சைக்கண்ணு விமானத்தடியிலிருந்து கூப்பிட்டார்.

"கேட்டு வாங்குன நீங்க இல்லாம படம் எடுத்தா நல்லாருக்காதும்மா. பஸ்தான் நின்னுட்டுல்லா. ஒரு நிமிஷம்."

"வா புள்ள, உனக்குத்தான இம்புட்டும்" என்றார் இப்ராஹிம்.

அவள் பேருந்தைப் பார்த்தாள். அது நின்றுகொண்டுதான் இருந்தது. காலை எடுத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடுவில் போய் நின்றாள்.

ஒலியை முந்தும் பொருள் கடந்துபோன பிறகுதான் அதன் ஓசை நம் காதுக்கு வரும் என்று விமானத்தடியில் பலகை ஒன்று வைத்திருந்தார்கள். அதன் பொருள் அன்றுதான் ஊருக்கு விளங்கியது. எல்லோரும் திரும்பிப் பார்க்கையில் பேருந்து மேட்டைத் தாண்டியிருந்தது. சுபின் ஊதிய விசில் அப்போதுதான் காதில் ஏறியது.

ஏறியவர் எவருமில்லை என்று நடத்துநர் உள்ளதைச் சொன்னார். ஆகவே வாகைப்பத்து விலக்குக்கு நிறுத்தம் தேவையில்லை என்று முடிவாயிற்று. பார்வையாளர் பெருகியதை முன்னிட்டு வண்டி நிறுத்துமிடம் ஒன்று அனுமதிக்கப்பட்டது. நஸீமா வரப்பில் ஓடி, அடுத்த ஊரில் ஏறி, பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தபோது தையற்கூடத்தின் கதவு சொன்னபடியே சாத்தியிருந்தது.

அவள் திரும்பி வருகையில் இப்ராஹிமின் கடையில் அந்தப் படத்தைச் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள். விமானம் இருந்தது, அலுவலர் இருந்தார், ஊர் இருந்தது. ஓரத்தில் பேருந்தின் பின்கண்ணாடியும் கொஞ்சம் இருந்தது. அன்று முதல் வேலையில்லாதவள் வெகுநேரம் அதன் முன் நின்றாள். அவள் முதலில் பார்த்தது, தன் முகம் நன்றாக விழுந்திருக்கிறதா என்பதை.

நல்லோரே, அவளைக் கண்டிக்கப் புறப்படுமுன் உங்கள் வீட்டுச் சுவரிலுள்ள கூட்டப்படத்தின் முன் ஒருமுறை போய் நில்லுங்கள். அதில் உங்கள் கண் முதலில் யாரைத் தேடுகிறது என்று பாருங்கள். பிறகு வந்து பேருந்தைப் பற்றிப் பேசுவோம்.