என் சாலட் கீரையில் யாரோ பால் வெட்டுகிறார்கள்

பாச்சாங்,
வியாழக்கிழமை.

மஸ்ஜித் தானாவில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் கணேஸ்வரன் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் திருச்செல்வம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே அக்காவும் உங்கள் முழங்காலும் நலமா? இந்தக் காலத்திலும் தபால்தலை ஒட்டுகிறானே என்று சிரிக்காதீர்கள். என் போனை என் மகன் விமலனும் நோண்டுகிறான், அதனால்தான் இந்தக் கடிதம்.

அடுப்பை அணைக்காமல் நான் கிளேபாங்குக்குக் கோக்கனட் ஷேக் குடிக்கப் போன கதை உங்களுக்குத் தெரியும். ஒரு சட்டி கருகியதற்கு என் மகன் வீடே எரிந்ததுபோல் குதித்தான். “அப்பா, ஒரே ஒரு செடிய மூணு மாசம் உயிரோட வெச்சிக் காட்டுங்க. இல்லன்னா என்னோட ஷா ஆலாமுக்கு வந்துறணும், அவ்ளோதான்லா” என்றான். வருகிற ஞாயிறோடு கெடு முடிகிறது. உங்கள் தங்கை வாழ்ந்து போன வீட்டை விட்டு நான் எங்கே போவேன்? தாய்மாமன் சொன்னால் விமலன் தட்டமாட்டான். நான் புத்தித் தெளிவோடு இருக்கிறேன் என்று அன்றைக்கு நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

நீங்கள் கொடுத்த சாலட் விதையை, பயற்றங்காய்க்குச் செய்வதுபோல் ஒரு விரல் ஆழத்தில் புதைத்தேன், பத்து நாள் ஆகியும் ஒன்றும் வரவில்லை, யூடியூப்பில் ஒரு பெண் இந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும், மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும் என்றாள், தூவினேன், எறும்புகள் கல்யாண ஊர்வலம் மாதிரி தூக்கிக்கொண்டு போயின, பிறகு ஈர டிஷ்யூவில் மடித்து ஃபிரிட்ஜில் ரெண்டு நாள் வைத்தேன், அப்புறம்தான் முளைத்தது. பசாரில் வாங்கிய மீன் பெட்டிகளில் ஓட்டை போட்டு, நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், பழைய லயத்து வீடுகள் இருந்த இடத்து மண்ணை நிரப்பி, காலை வெயில் மட்டும் படுகிற மாதிரி வாசலில் வைத்தேன். வெளி இலைகளை மட்டும் கிள்ளிச் சாப்பிட வேண்டுமாம். எனக்குக் கிள்ள மனசு வரவில்லை. விளைவு, வெயிலில் தண்டு ஒரு முழம் வளர்ந்து, இலை வேப்பிலையாய்க் கசந்து போச்சு. ஒடித்தால் வெள்ளையாய்ப் பால் வடியும். இந்தக் கீரையின் குணமே அப்படித்தானாம்.

இதுவரை சரி. இருபது நாளைக்கு முன்னால் ஒரு காலையில் பார்க்கிறேன், தண்டில் இடமிருந்து வலமாகச் சரிவாய் ஒரு வெட்டு. பால்மரத்துக்குப் போடுகிற அதே கோடு, மச்சான்! தோல் மட்டும் சீவி, உள்ளே காயம் படாமல். கீழே பால் பிடிக்கிற மங்கு மாதிரி ஒரு மூடி, கம்பியில் கட்டித் தொங்குது. அதில் ரெண்டு சொட்டுப் பால். மூடி என் இருமல் மருந்து பாட்டில் மூடி! எங்கம்மா முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். என்னை மட்டும் உளியைத் தொடவே விட்டதில்லை.

பக்கத்து வீட்டுக் கந்தசாமி வந்து பார்த்தார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். “அண்ணே, யாரைக் கேட்டு அந்த மண்ண அள்ளுனீங்க? செத்தவங்க வேலைக்கு வந்துட்டாங்க” என்றார். தேங்காய் உடைத்துச் சூடம் கொளுத்தினோம். சூடம் பட்டு ரெண்டு செடி பொசுங்கியதுதான் மிச்சம். வெட்டு நிற்கவில்லை. அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டு, மழை பெய்தால் வெட்டு இல்லை. தோட்டத்துச் சட்டம் அப்படியே நடக்குது! போன செவ்வாய் வாசல் முழுக்க ரப்பர் ஒட்டுப்பால் நாத்தம். கந்தசாமியும் மூக்கைப் பொத்திக்கிட்டார். விமலன் வாசலில் மாட்டிவிட்டுப் போன கேமராவைக் காட்டி, “கேமராவப் பாருங்கண்ணே” என்கிறார். பேய் கேமராவில் விழுமா? இவருக்கு அறிவு அவ்வளவுதான்.

இதையெல்லாம் விமலனிடம் சொன்னால் அப்பாவுக்குக் கழண்டுவிட்டது என்பான். ஆகையால் பேய் விஷயத்தை மறைத்து, செடி உயிரோடு இருப்பதை மட்டும் நீங்கள் எடுத்துச் சொல்லவும்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் பேரப்பிள்ளைகள் நூறு வயசு வாழட்டும். முருகன் துணை இருப்பான், ஞாயிறு அன்று உங்களையும் நம்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
திருச்செல்வம்

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். கந்தசாமி வாயை அடைக்கலாம் என்று கேமராவைப் பார்த்தேன். காலை ஆறு இருபது. கைலியும் பனியனுமாய் ஒரு கிழவன் குந்தியிருக்கிறான். நான்தான். காய்கறிக் கத்தியால் ஒரே இழுப்பில் கோடு போடுகிறேன், முப்பது வருஷம் பழகின கை மாதிரி. பிறகு பக்கத்தில் திரும்பி, “இந்த வரிச முடிஞ்சிதும்மா” என்கிறேன். அங்கே ஆள் இல்லை. அடுத்த பெட்டியில் இலைகள் மட்டும் யாரோ உரசிப்போன மாதிரி ஒதுங்குகின்றன. காற்று என்றே வைத்துக்கொள்வோம்.

இந்தப் படம் விமலன் போனிலும் விழும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. இருபது நாளாய்ப் பார்த்திருக்கிறான். பார்த்தும், தினம் சாயங்காலம் போன் போட்டு, “செடி நல்லா இருக்காப்பா?” என்று மட்டும்தான் கேட்டான். நல்லா இருக்குடா என்றுதான் நானும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எனக்காகப் பேச வேண்டாம், மச்சான். வழியனுப்ப வாருங்கள்.