தொண்ணூற்றொன்பதரை சதவீதம் மாமியின் கேக்

அன்று கடையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: ‘சதவீதம்’ சார், அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா, அடுப்பு பார்க்கும் முனுசாமி, ஜோசபின் டீச்சர், மயிலாப்பூர் மாமி ஒருவர், வரிசையில் நின்ற இன்னும் ஒன்பது பேர், கல்லாவில் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சாந்தோமில் இன்று யாரைக் கேட்டாலும் “அன்னைக்கு நானும் அங்கதான் இருந்தேன்” என்கிறார்கள். அத்தனை பேரும் நிற்க அந்த பேக்கரியில் இடம் கிடையாது.

சதவீதம் சாருடையதைப் போல ஒரு மூளை கடற்கரையிலிருந்து தெப்பக்குளம் வரைக்கும் பிறந்ததில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம். கல்லூரியில் கணக்குப் படித்துவிட்டு, மாமனார் பேக்கரிக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர் அவர். மாவு பிசையத் தெரியாது. மாவைக் கண்டாலே தும்முவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும் நிமிடத்தில் பன் சுடச்சுட இருக்கும்.

எப்படி என்கிறீர்களா? காலையிலேயே என்னைக் கோயிலுக்கு அனுப்புவார். “செல்வி, சாமியாருக்குத் தொண்டை எப்படியிருக்குன்னு கேட்டுட்டு வாம்மா.” தொண்டை கட்டியிருந்தால் பிரசங்கம் குட்டையாக இருக்கும், பன் சீக்கிரமே அடுப்புக்குள் போகும். தெளிவாக இருந்தால் முனுசாமி இன்னொரு பீடி குடிக்கலாம். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இவர் மனுஷன்தானா என்று எனக்குப் பயமே வந்திருக்கிறது.

எல்லாமே அவருக்குச் சதவீதம்தான். ஸ்டெல்லா அக்கா முகத்தைத் தூக்கி வைத்திருந்தால், “கோவமா?” என்பார்.

“ஆமா!”

“எத்தனை சதவீதம்?”

கரண்டி பறக்கும். குனிந்து அதை எடுத்துக்கொண்டே, “எழுபது இருக்கும்” என்பார்.

எனக்கு எதற்கெடுத்தாலும் கவலை. ஒருநாள் வாயை அடக்க முடியாமல், “சார், என் வேலை நிலைக்குமா?” என்று கேட்டுவிட்டேன். மேலே பார்த்தார். “தொண்ணூத்திரெண்டு சதவீதம்” என்றார். மீதி எட்டை நினைத்து அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

டிசம்பர் வந்தால் எங்கள் பக்கத்து வீடுகளில் கேக் மாவை அவரவரே கலக்கி, சுட்டுக் கொடுக்கச் சொல்லி பேக்கரிக்குக் கொண்டுவருவார்கள். மற்ற கடைகளில் டின்னுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். இவரோ மாவை நிறுத்து, கிலோவுக்குப் பத்து ரூபாய். சண்டை நாறும். “நிறுத்துக் காசு வாங்க இது என்ன பழைய பேப்பர் கடையா சார்?” என்று ஜோசபின் டீச்சரே கேட்டிருக்கிறார்.

அந்த வருஷம்தான் மயிலாப்பூர் மாமி முதல்முதலாக வந்தார். அஞ்சாவது படிக்கும் பையன் கிறிஸ்துமஸ் கேக் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறான். முட்டை இல்லாமல் என்றால் சரி என்று வீட்டில் இறங்கிவந்திருக்கிறார்கள். வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம். மாமிக்குத் திருப்தியானால் மாட வீதி வீடுகள் பின்னாலேயே வரும், முட்டை கலந்துபோனால் ஒரு வீடும் வராது. அக்காவுக்கு இதே நினைப்பு. “முனுசாமி, மாமி கேக்கை வாங்க வர்றப்போ டின்னெல்லாம் பளிச்சுனு இருக்கணும்” என்று சொல்லி வைத்தார்.

“கண்ணாடி மாரி தொட்ச்சிக்கீறேன், பாருக்கா!” என்றான் முனுசாமி.

பார்த்தோம். வெந்த கேக்கோடு பதினொரு டின்னும் ஒரே மாதிரி மின்னின. எல்லாம் கடை வாடகை டின்கள்.

“யார் டின் யாருதுன்னு சாக்பீஸ்ல நம்பர் போட்டிருந்துச்சேடா, எங்க?”

“அயுக்கு மாரி இருந்திச்சி. அத்தையும் தொட்ச்சிட்டேன்.”

முட்டை வாசனையை மோந்து பார்க்கலாம் என்றால் கடை முழுக்க பிளம் கேக்கின் ரம் வாசனை. அப்போது சதவீதம் சார் தும்மிக்கொண்டே தராசை இழுத்து முன்னால் வைத்தார்.

“அவங்கவங்க கொண்டாந்த மாவு எவ்வளவுன்னு சொல்லுங்க.”

யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். அத்தனை பேருக்கும் இருந்தது. “ரெண்டு கிலோ முந்நூறு! இருபத்திமூணு ரூபா புடுங்கினியே, மறப்பனா?” வெந்தால் பத்தில் ஒரு பங்கு ஆவியாகப் போகும் என்று கழித்துக் கழித்து, ஒவ்வொரு கேக்கையும் உரியவர் கையில் கொடுத்தார். ஒன்பது பேருக்கும் கேக் கிடைத்துவிட்டது. ஆனாலும் ஒருவர்கூட நகரவில்லை.

கடைசியில் இரண்டு டின் மிஞ்சின. ஒன்று மாமியுடையது, ஒன்று டீச்சருடையது. இரண்டும் பழம் போடாத வெறும் கேக். இரண்டுமே ஒன்றரை கிலோ மாவு.

“துளி பிச்சு நான் வாயில போட்டுப் பாக்கறேனே” என்றார் டீச்சர்.

“எச்சில் பண்ணினதை நான் ஆத்துக்கு எடுத்துண்டு போறதா?” என்றார் மாமி.

சார் டீச்சரின் பையிலிருந்து மர ஸ்கேலை உருவி, இரண்டையும் அளந்தார். ஒன்று மற்றதைவிட ஒரு விரல் குட்டை. “எடை ஒண்ணு, உயரம் வேற. முட்டைதான் தூக்கிவிடும். குட்டையா இருக்கறது மாமியோடது.”

மாமி கையை நீட்டவில்லை. “நிச்சயமா?”

“தொண்ணூத்தொம்பது சதவீதம்.”

அக்கா அவர் இடுப்பில் கிள்ளினார். “நூறுன்னு சொல்லித் தொலைங்களேன்!”

“அந்த ஒண்ணு எங்கிட்ட இல்லையே ஸ்டெல்லா.”

“அந்த ஒண்ணுல என்ன இருக்கு?” என்றார் மாமி.

“டீச்சர் முட்டையைச் சரியா அடிக்காம விட்டிருந்தா, அதுவும் எழும்பியிருக்காது.”

“நானா அடிக்காம விடுவேன்? என் கிளாஸ் பசங்களைக் கேட்டுப்பாருங்க! கை விட்டுப்போற வரைக்கும் அடிச்சேன் சார்!”

சார் கண்ணை மூடினார். அக்கா ஜெபமாலையைத் தேடினார்.

“அப்போ தொண்ணூத்தொம்பதரை.”

மாமிக்குச் சிரிப்பு பீறிட்டது. “எங்காத்து மாமா எதைக் கேட்டாலும் நூறும்பார், ஒண்ணும் நடக்காது. இவர் அரையைக்கூட மறைக்க மாட்டேங்கறாரே! குடுங்கோ.” குட்டைக் கேக்கை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் மாட வீதியிலிருந்து வந்த டின்களுக்குத் தனி அலமாரி அடித்தோம்.

ஆனால் சார் அன்று மாமியை லேசில் விடவில்லை. உறுதி அரை சதவீதம் குறைவு, ஆகவே பதினைந்து ரூபாய் கூலியில் அரை சதவீதம் திருப்பித் தரவேண்டும் என்றார். ஏழரை பைசா. பத்துப் பைசாவை நீட்டி, “ரெண்டரை பைசா சில்லறை இருக்கா?” என்று கேட்டார்.

“ஏழரையை ஆத்துக்கு எடுத்துண்டு போகச் சொல்றேளா? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.”

ஒவ்வொரு டிசம்பரும் அவர் அதே காசை நீட்டுவார். மாமி அதையே சொல்வார்.

சார் இறந்துபோன பிறகு அந்தக் காசை நான்தான் மாமி வீட்டுக்கு எடுத்துப்போனேன். மாமி அதைப் பார்த்தார், தொடவில்லை. “அவர் கணக்கு, செல்வி. அப்படியே இருக்கட்டும்.” கொண்டுவந்து கல்லாவிலேயே போட்டுவிட்டேன். எங்கே தொலைந்துவிடுமோ என்று தினமும் ஒருதரம் தடவிப் பார்க்கிறேன். பாக்கி, ஏழரை பைசா.