இசபெல்லின் தாய் வீடு

பன்னிரண்டு வருஷமாகக் கிளீட்டஸ் சொல்லிவந்த ஒரு பொய்க்கு, 2013-இல் கருங்கல் சந்தை முக்கில் யாரோ போர்டு வைத்துவிட்டார்கள். ‘தாய் வீடு - தாய்லாந்து உணவகம்.’

பொய் அப்படியொன்றும் பெரிதில்லை. துபாயில் ஆறு வருஷம் பெயின்ட் அடித்துவிட்டு ஊர் திரும்பி, பெயின்ட் கடை போட்டவர் அவர். துபாயில் தின்றதெல்லாம் குப்பூஸ் ரொட்டியும் பருப்பும்தான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் இசபெல் வைத்த அயிலைக் கறியில் உப்பு கூடிப்போனது. “எங்க கேம்புல தாய்லாந்துக்காரன் ஒருத்தன் மீன்கறி வெப்பான் பாரு. அதாக்கும் கறி!” என்று சும்மா எடுத்துவிட்டார். இசபெல் கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நல்ல ஆயுதமாக இருக்கிறதே என்று அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதன்பின் சாளை மீன் பொரித்தாலும் தாய்லாந்துக்காரன், மீனைப் புளியூற்றிப் புளிமுளம் வைத்தாலும் தாய்லாந்துக்காரன். இசபெல்லின் அண்ணன் ததேயுஸ் வீட்டு விருந்தில்கூட, தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே தாய்லாந்துக்காரன் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான்.

அந்தத் திங்கட்கிழமை இட்லி வைத்தபடியே இசபெல் சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் தாய் வீட்டுக்குப் போணும்.”

“உனக்க அம்மைய போன வாரந்தானே பாத்துட்டு வந்தோம்?”

“அந்தத் தாய் வீடு இல்ல. சந்தை முக்குல உள்ள தாய் வீடு. ததேயுஸ் அண்ணனும் வருது. நீங்கதான் ஆர்டர் சொல்லணும்.”

கிளீட்டஸ் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தார். “என்னத்துக்கு வீண் செலவு?”

“பன்னிரண்டு வருசமா காதால கேட்ட ருசி. ஒரு நாளாவது நாக்கால பாக்கண்டாமா? நாகர்கோவில்ல இதே மாதிரி கடை ஒண்ணு இருக்காம். கன்னியாகுமரியில ஒரு லாட்ஜுல ஒண்ணு இருக்காம். மூணுல எது அசலுன்னு ஊருல ஒருத்தருக்கும் தெரியல்ல. உங்களுக்குத் தெரியாததா? அண்ணன் கேக்கும், சொல்லிக் குடுங்க.”

கடையில் போய் உட்கார்ந்த கிளீட்டஸ், பெயின்ட் டப்பாக்கள் சாட்சியாக ஒரு தீர்மானம் எடுத்தார். ஞாயிறுக்குள் மூன்று கடையிலும் ரகசியமாகச் சாப்பிட வேண்டும். பாடத்தை நெட்டுரு போட வேண்டும். மச்சான் முன்னால் பரீட்சையில் ஜெயிக்க வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே தாய் வீட்டுக்குள் நுழைந்தார். முதலாளியம்மாளே வந்து ஒரு சூப்பை வைத்தாள். ஆவியில் ஹெல்மெட் கண்ணாடி மூடிக்கொண்டது. மணம் மட்டும் வந்தது.

“நான் இருமலுக்கு ஒண்ணும் கேக்கல்லியே?”

“அது சித்தரத்தையும், எலுமிச்சை மணக்குற இஞ்சிப்புல்லும் சார்.”

“சித்தரத்தை எனக்க அம்மை கஷாயத்துல போடுவா.”

“இங்க கூட எறாலும் போடுவோம்.”

கண்ணாடியைத் தூக்கிவிட்டு, எறாலோடு ஒரு காந்தாரி மிளகாயையும் சேர்த்துக் கடித்தார். அதற்குப் பிறகு மீன்கறி வந்ததும் தின்றதும் கண்ணீருக்கு நடுவே நடந்தன. வியாழக்கிழமை நாகர்கோவில். வெள்ளிக்கிழமை கன்னியாகுமரி. மறக்காமலிருக்க, பெயின்ட் நிறங்கள் போட்ட அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார்:

‘கருங்கல்: சூப் முதல் கோட்டிங்கிலேயே எரிச்சல். மீன்கறியில் உப்பும் இல்லை, ஒட்டும் இல்லை. நாகர்கோவில்: பச்சை நிறக் கறி. தேங்காய்ப்பாலில் பெயின்ட் தின்னர் கலந்த மாதிரி. கன்னியாகுமரி: நூடுல்ஸ், வெறும் சீனிப்பாகு.’

மத்தியானம் தின்றது செரிக்காமல், ராத்திரிச் சாப்பாடுதான் சங்கடம். புதன்கிழமை வயிற்றுவலி என்றார். ஓமத் தண்ணீர் வந்தது. வியாழக்கிழமை, கடையில் யாரோ வடை வாங்கித் தந்ததாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை உபவாசம் என்றார்.

“தவக்காலம் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சே?”

“இது தனி நேர்ச்சை.”

இசபெல் கையை நீட்டினாள். சட்டையை வாங்கித் துவைக்கப் போட்டாள். சனிக்கிழமை தேய்த்து வந்த சட்டைப் பையில் அட்டை நனையாமல் அப்படியே இருந்தது. சட்டை நனைந்து அட்டை மட்டும் எப்படி நனையவில்லை என்று கிளீட்டஸ் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேஜையில் உட்கார்ந்ததும், மெனு அட்டையைத் தொடாமலே ‘டாம் யாம்’, ‘பாட் தாய்’ என்று பொழிந்துதள்ளினார். ததேயுஸ் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

“மச்சான், இங்க உள்ளது அசலா?”

“நாகர்கோவில்காரன் தேங்காப்பாலக் கெடுப்பான். கன்னியாகுமரிக்காரன் சீனிய அள்ளித் தட்டுவான். இது கொள்ளாம், அசலு.”

அப்போதுதான் பரிமாறுகிறவர் குனிந்து கேட்டார். “சாருக்குப் புதன்கிழமை அழுத மாதிரி ஆவண்டாம். காந்தாரி கொறைக்கட்டா?”

கிளீட்டஸ் மெனு அட்டையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார்.

“சாரு இல்ல மக்கா, அது நானாக்கும்,” என்றாள் இசபெல் சிரிக்காமல். “புதன்கிழமை அழுதது நான். கொறைச்சே போடுங்க.”

மீன்கறி வந்தது. புதன்கிழமைக் கறியே இல்லை. உப்பு, புளி, பால், எல்லாம் சோற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ததேயுஸ் இரண்டு தரம் வாங்கித் தின்றுவிட்டுக் கை கழுவப் போனார். அந்த நேரம் பார்த்து முதலாளியம்மாள் வந்தாள்.

“நீங்க அட்டையில எழுதினபடி எல்லாம் மாத்தியாச்சு சார். இப்பம் ஒட்டுதா?”

கிளீட்டஸ் இசபெல்லைப் பார்த்தார்.

“இவ ராகேல். எனக்க கூடப் பத்தாங்கிளாஸ் வர படிச்சவ. பாங்காக்குல ஓட்டல் அடுக்களையில இருந்துட்டு வந்திருக்கா. மத்த ரெண்டு கடையிலயும் எப்பிடி வெக்கான்னு பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணுமுன்னு சொன்னா. உங்கள அனுப்பினேன்.”

“நீ எங்க அனுப்பின? நானாக்கும் போனேன்!”

“கேட்டா போவியளா?”

கிளீட்டஸ் குரலை இறக்கினார். “அப்பம் அந்தத் தாய்லாந்துக்காரன்...”

“உங்க கேம்புல பருப்புக்கறி வெச்சது மார்த்தாண்டத்துக்காரர் ஒருத்தரு. கல்யாணம் கழிஞ்ச மறு மாசமே வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சிட்டுப் போனாரு. நீங்க கடையில இருந்திய.”

“பின்ன ஏன் இத்தன வருசம் ஒண்ணும் சொல்லல்ல?”

“சொன்னா அடுத்த பொய்யி எதுன்னு எனக்கெப்பிடித் தெரியும்? இது பழகிப்போச்சு.”

பன்னிரண்டு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த தாய்லாந்துக்காரன் எழுந்து போனான். கிளீட்டஸுக்கு மூச்சு தாராளமாக வந்தது. ததேயுஸும் திரும்பி வந்தார். இசபெல் அண்ணனிடம் தாய்லாந்துக்காரனைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த நிமிஷத்தில் யார் எதைக் கேட்டாலும் கிளீட்டஸ் கொடுத்திருப்பார்.

“இண்ணைக்கு உள்ள மீன்கறி நான் வெச்சது,” என்றாள் இசபெல். “நாளை முதலு இங்க தெனமும் நான்தான் வெக்கப் போறேன். சம்மதந்தானே?”

இதற்கு முன் இரண்டு தரம் வேலைக்குப் போகிறேன் என்று அவள் கேட்டபோது, ஊர் என்ன சொல்லும் என்று துள்ளிக் குதித்தவர் அவர். இப்போது முகமெல்லாம் சிரிப்பு. “தாராளமா போ! மீனு மட்டும் நல்ல மீனா இருக்கணும், கேட்டியா?”

“அதத்தான் நானும் ராகேல்கிட்ட சொன்னேன்.”

விசிலடித்துக்கொண்டே வெளியே வந்தார் கிளீட்டஸ். அவருடைய பைக்கின் பின் சீட்டில் நீல நிற மீன்பெட்டி ஒன்றை வைத்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

இசபெல் அண்ணன் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினாள். “நான் இதுல போறேன். நீங்க வீட்டுக்கு வந்து, ராத்திரி சீக்கிரமே படுங்க. குளச்சல்ல மீன் வள்ளம் காலம்பற நாலரைக்குக் கர சேருமாம்.”