குறைகள் இனி ஆங்கிலத்தில் மட்டும்

கட்டில், பீரோ, சோபா விற்கும் பெரிய கடையில் அவர் டெலிவரி சூப்பர்வைசர். கடையில் அவருக்கு 'இதோ' என்று பெயர். சோபா எங்கே என்று யார் போன் செய்தாலும், இதோ வந்துட்டே இருக்கு என்பார். சோபா அப்போது குடோனில் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருக்கும். பகல் முழுக்க ஊரார் குறையை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவது அவர் பிழைப்பு. மாலையில் வீட்டுக்கு வந்தால் மனைவி ஆரம்பிப்பாள். குழாய் ஒழுகுகிறது. பால்கனி விளக்கு எரியவில்லை. பீரோக் கதவு கழன்று தொங்குகிறது. அந்தப் பீரோ அவரே தேர்ந்தெடுத்து அவர் கடையிலேயே வாங்கியது. அதனால் அந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்கு வேப்பங்காயாகக் கசக்கும்.

இந்தச் சமயத்தில்தான் முதலாளி வாடிக்கையாளர் சேவைக்கென்று ஒரு தனி அறை கட்டினார். ஏசி போட்டாயிற்று, சுழல் நாற்காலியும் வந்தாயிற்று. நன்றாக ஆங்கிலம் பேசும் ஆள்தான் பாக்கி. நம் ஆளுக்குக் கால் தரையில் பாவவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றியும் பார்த்துவிட்டார். கிடைத்தால் அந்த நாற்காலி, இல்லாவிட்டால் வாழ்க்கையே வீண் என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

கைபேசியில் ஓர் ஆங்கில வகுப்பைப் பிடித்தார். எதற்கெடுத்தாலும் 'வெரி' போடாதீர்கள், அந்தந்த உணர்ச்சிக்கென்று பிறந்த வார்த்தையைப் போடுங்கள் என்பதுதான் அங்கே பாடம். 'வெரி டயர்டு' என்றால் கேட்பவன் கொட்டாவி விடுவான். 'எக்ஸாஸ்டட்' என்றால் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவான். பாடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. பிறந்த சூட்டோடு சமையலறைக்குப் போனார்.

"இங்க பாரு, எனக்கு அந்த வேலை கிடைக்கணும்னா வீட்டிலயும் இங்கிலீஷ் புழங்கணும். மத்ததெல்லாம் தமிழ்லயே பேசிக்கோ. குறை சொல்றதா இருந்தா மட்டும் இங்கிலீஷ்ல சொல்லு."

"குறைய மட்டுமா?"

"அதுலதான் உணர்ச்சி அதிகம். வெரி போடக் கூடாது. சரியான வார்த்தை போட்டாத்தான் காதுல வாங்குவேன்."

"எனக்கு அவ்வளவு வார்த்தை தெரியாதேங்க."

"தெரியலன்னா பரவாயில்ல. சொல்லாம விட்டுடு."

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் முன்னால் அத்தனை பீடிகையும். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சரிங்க என்று சொல்லிவிட்டு மறுபடி பாத்திரம் கழுவத் திரும்பிவிட்டாள். அவள் சட்டென்று ஒப்புக்கொண்ட எந்தக் காரியமும் அதுவரை அவருக்கு நல்லபடியாக முடிந்ததில்லை. இருந்த சந்தோஷத்தில் அது அவர் நினைவுக்கு வரவில்லை.

வீடு அமைதியானது. குழாய் ஒழுகும் சத்தம் தவிர வேறு சத்தமே கிடையாது. குளுகுளுவென்று இருந்தது அவருக்கு. ஆனால் கற்ற வார்த்தைகளை யாரிடமாவது காட்ட வேண்டுமே, சும்மா வைத்துக்கொண்டால் செரிக்குமா? மாலையானதும் மனைவியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் நடித்தே காட்டினார். 'ஃப்ளிம்ஸி' என்றால் தொட்டாலே கையோடு வந்துவிடும் நோஞ்சான் சாமான். 'வாப்ளி' என்றால் கால் சரியில்லாத மேஜை மாதிரி ஆடுவது. அதற்காகக் கூடத்தின் நடுவில் நின்று அவரே மேஜையாக ஆடினார். 'ஸ்டபர்ன்' என்றால் என்ன சொன்னாலும் அசையாத பிடிவாதக்காரன். 'ஃப்யூரியஸ்' என்றால் கோபம் தலைக்கேறி எதிரில் யார் என்றே தெரியாத நிலை. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். புரியாததை இரண்டு தடவை கேட்டாள். தன் நடிப்பின் மகிமை என்று அவர் பூரித்துப்போனார்.

ஒரு மாலை அவர் சோபாவில் சாய்ந்திருந்தபோது அவள் எதிரே வந்து நின்றாள்.

"தி பைப் இஸ் லீக்கிங். ஐ ஆம் எக்ஸாஸ்டட். யூ ஆர் ஸ்டபர்ன்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏதாவது தப்புக் கண்டுபிடிக்கலாம் என்று மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அவர் போட்ட சட்டம், அவர் கொடுத்த வார்த்தைகள். முனகிக்கொண்டே போய்க் குழாயைச் சரிசெய்தார். திரும்பி வருவதற்குள் அவள் பீரோவைப் பற்றி அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியிருந்தாள்.

அவர் அவசர அவசரமாகச் சட்டத்தைத் திருத்தினார். "பீரோவ நானா செஞ்சேன்? கடையில வாங்கின சாமானுக்குக் கடையிலதான் குறை சொல்லணும். போன் பண்ணிச் சொல்லு. இங்கிலீஷ்லதான் சொல்லணும்."

மனைவி முன்பின் தெரியாத ஆளிடம் போனில் ஆங்கிலம் பேசுவாளா என்ற தைரியம் அவருக்கு.

மறுநாள் காலை முதலாளி அவரை அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் போன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தது. முதலாளி உதட்டில் விரலை வைத்து, கேளுங்கள் என்று ஜாடை காட்டினார்.

"யுவர் பீரோ இஸ் ஃப்ளிம்ஸி," என்றது போன், நிறுத்தி நிதானமாக. "தி டோர் இஸ் வாப்ளி. யுவர் டெலிவரி சூப்பர்வைசர் இஸ் ஸ்டபர்ன். ஐ ஆம் நாட் வெரி ஆங்ரி. ஐ ஆம் ஃப்யூரியஸ்."

அவருக்கு அங்கேயே கால்கள் வாப்ளியாகிவிட்டன.

முதலாளி போனைக் கையால் பொத்திக்கொண்டார். "கேட்டீங்களா? மத்தவங்க அரை மணி நேரம் கத்துவாங்க, என்ன பிரச்சினைன்னே புரியாது. இந்தம்மா என்ன குறை, யாரால குறை, எவ்வளவு கோபம், எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லிட்டாங்க. குரல் கூட உசரல." பிறகு போனில் மரியாதையாகக் கேட்டார், அம்மா என்ன வேலை செய்கிறீர்கள் என்று.

"வீட்டிலதான் சார் இருக்கேன்," என்றது போன் தமிழில். "இவ்வளவு நாளா உங்க டெலிவரி சூப்பர்வைசர வச்சுக் குடும்பம் நடத்துறேன்."

முதலாளி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தை விட மரியாதைதான் அதிகம். ஆனால் மரியாதை இவர்மேல் இல்லை.

முதலாளி அந்த வேலைக்கு அவளையும் வரச் சொன்னார். நேர்காணல் இருவருக்கும் ஒரே நாளில் நடந்தது. கோபமாக வரும் வாடிக்கையாளரிடம் ஆங்கிலத்தில் என்ன சொல்வீர்கள் என்று முதலாளி இவரைக் கேட்டார். படித்த வார்த்தைகள் எல்லாம் ஒன்றாக வாசலுக்கு ஓடிவந்து நெரிசலில் சிக்கிக்கொண்டன. கடைசியில் வெளியே வந்தது, "வெரி வெரி சாரி சார், கமிங் கமிங்." மனைவி உள்ளே போனாள், அரை மணி நேரத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். முதலாளியே எழுந்து அவளுக்குச் சுழல் நாற்காலியைக் காட்டினார்.

அவருக்கு நெஞ்சு எரிந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. அன்று மாலை அவரே டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். வாடிக்கையாளர் குறைகளைக் கேட்டு, டெலிவரி ஆட்களைக் கூப்பிட்டு விசாரிப்பதுதான் அவளுடைய வேலை என்று முதலாளி சொன்னது அவர் காதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பெருந்தன்மையாகச் சட்டத்தை ரத்து செய்தார்.

"இனிமே வீட்டில நீ தமிழ்லயே குறை சொல்லலாம்."

அவள் டீயை ஒரு வாய் குடித்தாள்.

"வீட்டில எதுக்குங்க? ஆபீஸ்லயே சொல்லிக்கிறேன். அங்கன்னா நீங்க நின்னுக்கிட்டே கேப்பீங்க."