எந்த பிளக்கை வேண்டுமானாலும் பிடுங்குங்கள்

கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களை முதல் ஆறு மாதம் கடைப்பக்கம் விடக்கூடாது. என்னை விட்டார்கள். (என் அப்பா, அதாவது அத்தாவுக்கு, இளகிய மனசு.)

உத்திரமேரூர் பஜாரில் அத்தாவுக்கு பம்புசெட், டிராக்டர் உதிரிபாகக் கடை. பில் போடும் கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துக்கொள்ளும். உழவு நேரத்தில் அது படுத்தால் கடையே படுத்துவிடும். சென்னையில் நான் கற்று வந்த ‘கிளஸ்டர்’தான் இதற்கு மருந்து என்று வீட்டில் சொற்பொழிவு ஆற்றினேன். இரண்டு சர்வர்கள், ஒன்று செத்தால் மற்றது உடனே வேலையை எடுத்துக்கொள்ளும். நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு டிஸ்க் பெட்டி, கணக்கெல்லாம் அதற்குள். மூன்றையும் சென்னையில் ஒரு கம்பெனி கழித்துக்கட்டியபோது பிடித்து வந்தோம்.

டிஸ்க் பெட்டி லேசில் மசியவில்லை. அதோடு இணைக்கும் சர்வர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் இருக்க வேண்டும். என்னுடையவை இரண்டுக்கும் ஏழு! ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் பாவம் என்ன செய்வார்? ஒன்றை ஆறாக மாற்றியதும் இரண்டுமே பெட்டியை அடையாளம் கண்டுகொண்டன. ஒரு சர்வரை அணைத்துப் பார்த்தேன். மற்றது பில் போட்டது! நான் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடைக்காரர் ஓடி வந்தார்.

“இன்னாம்மா, ஷாக் அட்ச்சிச்சா?”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சொந்தக்காரர்களையெல்லாம் கடைக்குள் கூட்டிவிட்டேன். மோட்டார் சாமான் வாங்கிய திருப்புலிவனத்துக்காரர் ஒருவரும் பில்லுக்காக நின்றிருந்தார்.

“அத்தா, எந்த பிளக்க வேணா புடுங்குங்க. பில்லு நிக்கவே நிக்காது!”

அத்தா குனிந்தார். மூன்று பிளக்கையும் நிதானமாகப் பார்த்தார். நடுவில் இருந்ததைப் பிடுங்கினார்.

இரண்டு சர்வர்களும் ஜம்மென்று ஓடின. பில் நின்றுவிட்டது.

“ரெண்டும் ஓடிக்கினுதானே கீது? ஏம்மா பில்லு வர்ல?”

“அத்தா... அது டிஸ்க்கு. அதப் புடுங்கக் கூடாது.”

“எத வேணான்னியே?”

“சர்வருதான் ரெண்டு. டிஸ்க்கு ஒண்ணுதான் கீது.”

அத்தா பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். “அப்போ கணக்கு கீற பொட்டி ஒண்ணு. கணக்கே இல்லாத பொட்டி ரெண்டா?”

திருப்புலிவனத்துக்காரர் பொறுமையிழந்தார். “பாய், அங்க பயிரு காய்ஞ்சிக்கினு கீது. எனுக்கு சர்வரும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஒரு பேனா எடு!”

அண்ணன் யூசுப் கையால் பில் எழுதத் தொடங்கினான். திரும்பக் கரண்ட் கொடுத்ததும் டிஸ்க் தன்னைத்தானே சரிபார்க்க ஆரம்பித்தது. சொந்தங்கள் சமோசாவைத் தின்றுகொண்டே, மூடிக் கிடக்கும் ரயில்வே கேட்டைப் பார்ப்பதுபோல அந்தத் திரையைப் பார்த்தன. சாயங்காலம் கணக்கு முழுசாக வந்து சேர்ந்தது. (அதற்குள் செய்தி பஸ் ஸ்டாண்டு வரை போயிருந்தது.) அந்த பிளக்கைச் சுற்றி அத்தாவே சிவப்பு டேப் ஒட்டினார். அதன்பின் கிளஸ்டர் பல வருஷம் ஓடியது. அதை யாரும் சொல்வதில்லை.

என் கல்யாணத்துக்கு, ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் என்று, யூசுப் பிரியாணி சமைக்க இரண்டு பண்டாரிகளைப் பேசியிருந்தான். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அத்தா அவனை நிறுத்திக் கேட்டார்:

“பண்டாரி ரெண்டு, சரி. பிரியாணி வேவுற தேக்சா எத்தினிடா?”

“ஒண்ணுதான் அத்தா.”

மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைப் பார்த்தது.