சைக்கிள் விடத் தெரியாதவன் கட்டிய அபராதம்

எனக்கு சைக்கிள் விடத் தெரியாது. ஆனால் தெரியும் என்று ஒரு கோர்ட்டுத் தீர்ப்பு இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துத் தீர்ப்பு. வெள்ளைக்காரன் போய்விட்டான், தீர்ப்பு போகவில்லை.

குழந்தைகளே, "அப்பா, சைக்கிள் வாங்கிக் கொடு" என்று நீங்கள் ஆரம்பித்தாலே நான் அரிசி விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறேன் என்று உங்களுக்கு என்மேல் குறை. காரணத்தை எழுதி வைத்துவிடுகிறேன். நாலாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

அப்போது மயிலாப்பூரில் ஒரு செட்டியாருடைய ஜவுளிக்கடையில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் ஜாகை. நாலு குடித்தனத்துக்கு ஒரே குழாய். உங்கள் அம்மா மங்களம் கல்யாணமாகி வந்தபோது மிகவும் சாது. அந்தக் குழாயடிதான் அவளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது.

மாம்பலத்தில் தியாகராய நகர் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த காலம். ஏரி இருந்த இடத்தில் வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. செட்டியார் அங்கே ஒரு கிளை திறப்பதாக இருந்தார். அதற்கு என்னைத்தான் மானேஜராகப் போடப்போவதாகச் சொல்லியிருந்தார். கடைக்குப் பின்கட்டிலேயே வீடு. வீட்டுக்குள்ளேயே குழாய். உங்கள் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை போய் அந்தக் குழாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்துவிட்டு வந்தாள். அன்று முதல் குழாயடியில் சண்டை போடுவதையே விட்டுவிட்டாள். விட்டுப் போகப்போகிற இடத்தில் எதற்கு விரோதம் என்று நினைத்திருப்பாள்.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள், கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில், போலீஸ்காரன் ஒருவன் உள்ளே நுழைந்தான்.

"இங்க பஞ்சாபகேசன்றது யாரு?"

"நான்தான்."

"இன்னா சாமி, சாந்தோம் ரோட்டுல வெளக்கு இல்லாம சைக்கிள் உட்டுக்கினு போனியாமே? சம்மன் கீது, புடி."

கடை சிரித்தது. நானும் சிரித்தேன். இரண்டு சக்கரத்தின்மேல் ஒரு மனிதன் விழாமல் உட்கார்ந்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை என்பது சின்ன வயதிலிருந்தே என் கட்சி. ஊர் முழுக்க நடந்தே போகிறவன் நான்.

சம்மனைப் பிரித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என் பெயர், என் தகப்பனார் பெயர், கதவு இலக்கம், சந்தின் பெயர் எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தன. (என் மாமனார்கூடக் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைத் தப்பாகத்தான் அடித்திருந்தார்.)

செட்டியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஐயரே, கோர்ட்டு கச்சேரின்னு போன ஆளை நம்பி நான் ஒரு கடையை ஒப்படைக்க முடியாது. தப்புப் பண்ணலேன்னா அதைக் கோர்ட்டிலே சொல்லி விடுதலை வாங்கிக்கிட்டு வாரும். மாம்பலம் சாவி உம்மது."

இதைவிட நியாயமான பேச்சு உண்டா? செய்யாத தப்பை இல்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. அந்த வயதுக்குரிய புத்திதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சம்மனைக் காட்டினேன். மங்களம் படிக்கவில்லை. புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"ஏன்னா, கோச்சுக்கப்படாது. வைத்திதான்."

வைத்தி அவளுடைய தம்பி, உங்கள் வைத்தி மாமா. எங்கள் ஆத்தில் தங்கி ஸ்காலர்ஷிப்பில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். சிநேகிதனுடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருக்கிறான். இருட்டிவிட்டது, விளக்கு இல்லை, போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார். பெயரைக் கேட்டிருக்கிறார். அந்த நாளில் பிடிபட்டவன் எவனும் சொந்தப் பெயரைச் சொல்ல மாட்டான்; வாய்க்கு வந்த ராமனையோ கிருஷ்ணனையோ சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவான். போலீஸ்காரரும் எழுதிக்கொள்வார். இவன் முதல் வகுப்பில் தேறுகிற மாணாக்கன் அல்லவா? கேட்ட கேள்விக்குப் பூரணமாக விடை எழுதிவிட்டான். விடை மட்டும் நான்.

"பயத்துல வாயில வந்துடுத்து அத்திம்பேர்!" என்று வைத்தி தூணுக்குப் பின்னாலிருந்து சொன்னான்.

"ஏண்டா, உன் வாயில வர்றதுக்கு நான்தானா ஆப்ட்டேன்?"

"உங்க பேரைச் சொன்னா ஒரு மரியாதையா இருக்குமேன்னு..."

மங்களம் நடுவில் வந்தாள். "காலேஜுக்குத் தெரிஞ்சா ஸ்காலர்ஷிப்பை நிறுத்திடுவா. அப்பாவுக்குத் தெரிஞ்சா உசிரையே விட்டுடுவார். நீங்க இவன் பேரை மட்டும் எடுக்கப்படாது. எனக்கு சத்தியம் பண்ணுங்கோ."

"அப்போ மாம்பலம்?"

"உங்களுக்குத்தான் விடத் தெரியாதே! தெரியாதுன்னு சொன்னா விட்டுடுவா. இது என்ன பிரமாதம்?"

சத்தியம் பண்ணினேன். "முடியாமப் போச்சுன்னா நானே எழுந்து ஒப்புத்துக்கறேன் அத்திம்பேர்" என்று வைத்தியும் தன் பங்குக்கு ஒரு சத்தியம் பண்ணினான்.

சில்லறை வழக்குகளை விசாரிக்கும் பெஞ்சு கோர்ட்டில் இரண்டு கௌரவ மாஜிஸ்திரேட்டுகள். ஒருவர் தலைப்பாகையோடு விழித்திருந்தார். மற்றவர் தலைப்பாகையோடு தூங்கினார். கூண்டுக்கு முன்னால் ஜட்காக்காரர்கள், கைவண்டிக்காரர்கள், மீன் கூடையை நடுரோட்டில் இறக்கி வைத்த ஒரு அம்மாள். பெயரைக் கூப்பிடுவார்கள், "ஆமாம்" என்பார்கள், ஒரு ரூபாய் கட்டிவிட்டுப் போவார்கள். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்குகிற மாதிரி வரிசை நகர்ந்தது.

பக்கத்தில் நின்ற ஜட்காக்காரன் என் சம்மனை எட்டிப் பார்த்தான். "சாமி, புதுசா? 'ஆமா'ன்னு சொல்லிட்டு துட்டைக் கட்டிட்டுப் போய்க்கினே இரு. 'இல்லே'ன்னு மட்டும் சொல்லிடாதே. அவங்களுக்கு அது பழக்கமில்லே."

என் முறை வந்தது. "இல்லை" என்றேன்.

விழித்திருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். தூங்கினவர் விழித்துக்கொண்டார்.

என்னைப் பிடித்ததாகச் சொல்லப்பட்ட போலீஸ்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அவர் பிடித்த ஆள் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அது எனக்கும் தெரிந்தது. ஆனால் அவர் உத்தியோகம் அவருக்கு.

"இந்த சாமியேதாங்க எசமான். இதே குடுமிங்க. காத்துல பறந்துச்சு, கண்ணால பாத்தேன்."

வைத்திக்குக் கிராப்பு. அதைச் சொன்னால் நான் விடுதலை, அடுத்த கேள்வி "அப்படியானால் கிராப்பு யாருக்கு?" என்பதாக இருக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டேன். பின்வரிசையில் அந்தக் கிராப்பு குனிந்துகொண்டது.

"எனக்கு சைக்கிளே விடத் தெரியாது, எஜமான்" என்றேன்.

"அதுக்கு சாட்சி உண்டா?"

யோசித்துப் பாருங்கள். ஒருவனுக்குப் பாடத் தெரியும் என்றால் பாடச் சொல்லிப் பார்க்கலாம். தெரியாது என்பதற்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? நான் முழிக்கிறதைப் பார்த்துவிட்டு, தூங்கி எழுந்தவர் உற்சாகமாகச் சொன்னார்: "வெளியிலே ஏத்திப் பாத்துட்டாப் போறது!"

கோர்ட்டு கலைந்து முற்றத்துக்கு வந்தது. மாஜிஸ்திரேட்டுகள் தாழ்வாரத்தில் நின்றார்கள். வேப்ப மரத்தில் ஒரே ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. வைத்தி வந்த சைக்கிள், அதே சிநேகிதனுடையது. புத்தம் புதிதாக ஒரு விளக்கு அதில் பளபளத்தது.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். விழுவது என்பது என்னால் சிரமமில்லாமல் செய்யக்கூடிய காரியம். இடது பக்கம் மணல் இருந்தது. அதில் கௌரவமாக விழுந்து எழுந்து, சாவியை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் மாம்பலம் போய்க் குழாயைத் திறந்துவிடலாம். பஞ்சகச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

"நான் பிடிச்சுக்கறேன் சார்" என்று ஒருவன் ஓடிவந்து ஆசனத்தைப் பிடித்தான். வைத்தி.

"டேய், விடுடா!" என்று பல்லைக் கடித்தேன்.

"விழுந்தா எலும்பு முறிஞ்சுடும் அத்திம்பேர்! அக்காவுக்கு யார் பதில் சொல்றது?"

"நான் விழணும்டா, மடையா!"

"நேரே பாருங்கோ! மிதிங்கோ! மிதிச்சா விழமாட்டேள்!"

பிடித்துக்கொண்டே ஓடினான். என்மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம். வேகம் வந்ததும் விட்டுவிட்டான். பயத்தில் நான் மிதித்தேன். அந்தப் பாழும் வண்டி நின்றது, அதாவது விழாமல் ஓடியது. வேப்ப மரத்தைச் சுற்றினேன். ஜட்கா குதிரைக்கும் மதில் சுவருக்கும் நடுவே, தேர்ந்த சைக்கிள்காரனும் தயங்குகிற சந்தில், கண்ணை மூடிக்கொண்டு புகுந்து வெளியே வந்தேன். நிறுத்தத் தெரியாததால் இன்னொரு சுற்று. குடுமி அவிழ்ந்து காற்றில் பறந்தது.

"அதாங்க எசமான், அதே குடுமி!" என்று போலீஸ்காரர் கூவினார். தான் சொன்ன பொய் கண்ணெதிரே நிஜமாவதைப் பார்த்து அவருக்கே புல்லரித்திருக்க வேண்டும்.

"பலே சாமி! மோட்டார் கணக்கா போவுது!" என்று ஜட்காக்காரன் கைதட்டினான். அபராதம் கட்டியும் போகாமல் நின்றிருந்தான் பாவி.

கடைசியில் முன்சக்கரம் தாழ்வாரப் படிக்கு எதிரே மணலில் புதைந்தது. வண்டி நின்ற வேகத்தில் நான் இரண்டு காலும் தரையில் ஊன்ற, மாஜிஸ்திரேட்டுகளுக்கு நேர் எதிரே, நிமிர்ந்து நின்றேன்.

"இறங்கற அழகைப் பாரும்!" என்றார் தூங்கி எழுந்தவர்.

மறுபடி உள்ளே போனோம். ஒப்புக்கொண்டவர்களுக்கு ஒரு ரூபாய். எனக்கு ஐந்து. மேலே இலவசமாக, படித்த குடும்பத்தில் பிறந்தவன் சத்தியஸ்தலத்தில் நின்று பொய் சொல்வது எவ்வளவு இழிவு என்று ஒரு பிரசங்கம். அதைக் கேட்டுக்கொண்டே நான் பின்வரிசையைப் பார்த்தேன். வைத்தி எழுந்து நின்றிருந்தான். வாயைத் திறந்தான். நான் காத்திருந்தேன். கோர்ட்டுச் சேவகன் "உட்காருப்பா" என்றான். உட்கார்ந்துவிட்டான்.

செட்டியாரிடம் போவதற்குள் செய்தி போய்விட்டது. மாட வீதியில் செய்திக்கு சைக்கிள் தேவையில்லை.

"விளக்கில்லாமப் போனதுகூடப் பெரிசில்லே, ஐயரே. நாலு பேர் மத்தியிலே விடத் தெரியாதுன்னீரே. அதுக்கப்புறம் உம்ம கணக்கை நான் எப்படி நம்பறது?"

மாம்பலம் சாவி வேறொரு குமாஸ்தாவுக்குப் போயிற்று. கணக்கு நோட்டையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஈவிரக்கமுள்ள மனிதர், வேலையை விட்டு நிறுத்தவில்லை. "உமக்குத்தான் சைக்கிள் நல்லா வருமாமே" என்று கடை சைக்கிளைக் கொடுத்து, அடையாறு வரைக்கும் வாடிக்கைக்காரர் வீடுகளுக்குத் துணி கொண்டுபோய்க் காட்டும் வேலையில் போட்டார்.

அன்று கோர்ட்டு முற்றத்தில் வந்த வித்தை அதற்குப் பிறகு ஒரு நாளும் வரவில்லை. ஏறுவேன், விழுவேன். இடது பக்கம், வலது பக்கம், ஒரு தடவை அடையாற்றுப் பாலத்தில் மூட்டையோடு முன்பக்கம். பிறகு ஏறுவதையே விட்டுவிட்டேன். மூட்டையை வண்டியில் கட்டி, தள்ளிக்கொண்டே நடந்தேன். வெயிலிலும் மழையிலும், அந்த வண்டிக்கு நான் துணையாகவே வருஷக்கணக்கில் நடந்தேன். "பஞ்சரா?" என்று வழியில் கேட்பார்கள். "ஆமாம்" என்பேன். ஆமாம் என்று சொல்வதில் உள்ள சௌகரியத்தை அதற்குள் நான் கற்றுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் மூன்று பேரும் பிறந்தது அந்தச் சந்தில்தான், அந்த ஒரே குழாய்த் தண்ணீரில்தான். மங்களம் மறுபடி சண்டை போட ஆரம்பித்தாள். முன்னைவிடச் சத்தமாக.

வைத்தி முதல் வகுப்பில் தேறினான், பெரிய உத்தியோகம், மோட்டார் வண்டி. நல்லவன்தான், தீபாவளிக்கு உங்களுக்கெல்லாம் சட்டை எடுத்து வருகிறான். வந்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, எல்லாரையும் சுற்றி உட்காரவைத்து அந்தக் கதையை ஆரம்பிப்பான். "எங்க அத்திம்பேருக்கு சைக்கிள் கத்துக்குடுத்ததே நான்தான்! அதுவும் எங்கே தெரியுமோ? கோர்ட்டிலே!" வேப்ப மரம், ஜட்கா குதிரை, குடுமி, இறங்கிய அழகு எல்லாம் நடித்துக் காட்டுவான். சம்மன் எப்படி வந்தது என்பது மட்டும் அவன் கதையில் வராது. நீங்கள் புரண்டு புரண்டு சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன்.

உங்கள் அம்மா மட்டும் கதை ஆரம்பித்ததும் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள். காபி கலக்கப் போகிறாள் என்றுதான் நீங்கள் இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.